போர் விமான எஞ்சின் நின்றால் யாரைக் கேட்பது?

13 ஜூலை 2025: பெங்களூரு மாரத்தஹள்ளி வாசகர் ஒருவரின் கேள்வி

அகமதாபாத் விபத்து நடந்து ஒரு மாதத்தில் ஏஏஐபி (சிவில் விமான விபத்துகளை விசாரிக்கும் அமைப்பு) முதற்கட்ட அறிக்கை போட்டுவிட்டது. நல்லதோ கெட்டதோ, எல்லாரும் படித்துச் சண்டை போடுகிறோம். போர் விமானம் விழுந்தால் மட்டும் 'விசாரணைக்கு உத்தரவு' என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடுகிறது. அந்த எஞ்சின் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்டவர் யார்? சிவில் விமானங்களை மேற்பார்க்கும் டிஜிசிஏ ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை? என்னைக் கேட்டால், யாருக்கும் பொறுப்பு கிடையாது. இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள் சார்.

13 ஜூலை, இரவு

டிஜிசிஏ பார்க்காததற்குக் காரணம் சட்டம். 1934 விமானச் சட்டம் முப்படைகளின் விமானங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருந்தது. அதன் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய வாயுயான் அதினியமும் அப்படியே விட்டுவிட்டது. இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. 1944 சிகாகோ உடன்படிக்கையின் 3ஆம் பிரிவிலேயே, ராணுவம், சுங்கம், போலீஸ் ஆகியவற்றின் விமானங்களுக்கு இது பொருந்தாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஏஏஐபி வராததும் அதனால்தான். அங்கே விசாரிப்பது படைக்குள்ளேயே அமைக்கப்படும் விசாரணைக் குழு (கோர்ட் ஆஃப் என்கொயரி). அதன் அறிக்கை வெளியே வராது.

சரி, கையெழுத்து யாருடையது? வடிவமைப்பு சரி என்று சொல்வது செமிலாக். 1995இல் வந்தது, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் கீழ் இருக்கிறது. தலைமையகம் உங்கள் மாரத்தஹள்ளியிலேயேதான். பால் வாங்கப் போகும் வழியில் அந்தக் காம்பவுண்ட் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அதன் கிளைகளை ஆர்சிஎம்ஏ என்பார்கள். எஞ்சினுக்கென்று பெங்களூருவில் தனியாக ஒன்று உண்டு, ஒடிசாவில் எச்ஏஎல் (அரசின் விமான உற்பத்தி நிறுவனம்) எஞ்சின் தொழிற்சாலை இருக்கும் கொராபுட்டில் ஒன்று உண்டு. செய்து முடித்த ஒவ்வொரு எஞ்சினும் அந்த வடிவமைப்பின்படிதான் இருக்கிறதா என்று பார்ப்பது டிஜிஏக்யூஏ. தலைமையகம் டெல்லி, பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ் வருகிறது. பறக்க விடுவதும், அன்றாடம் பராமரிப்பதும், எத்தனை மணி ஓடியது என்று கணக்கு வைப்பதும் படையின் வேலை. எஞ்சினை வரைந்தவர் வெளிநாட்டுக்காரர் என்றால் அவர் நாலாவது ஆள்.

ஆக, பொறுப்பு நாலு கைகளில் இருக்கிறது. விழுந்த பிறகு நாலு கைகளும் ஒன்றையொன்று காட்டினால் வெளியே இருப்பவருக்கு 'யாருக்கும் இல்லை' என்றுதான் தெரியும். உங்கள் எரிச்சல் எனக்குப் புரிகிறது.

14 ஜூலை

"வடிவமைப்பு ஒருவர், தரம் ஒருவர் என்று பிரிப்பது காகிதத்தில்தானே, கடைசியில் எல்லாம் ஒன்றுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதை நேரில் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது பெங்களூருவில் ஓர் எஞ்சின் தொழிற்சாலையின் தரப் பிரிவில். மாதக் கடைசி. டர்பைன் டிஸ்க் (பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டு) ஒன்று இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு வந்தது. எல்லா அளவும் சரி. ஒரே ஒரு போல்ட் துளை மட்டும் வரைபடம் அனுமதித்ததைவிட இருபது மைக்ரான் பெரிது. தலைமுடியின் தடிமனில் கால்வாசி இருக்கும், அவ்வளவுதான். உற்பத்திப் பிரிவு ஆள் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "சார், இதுல என்ன ஆகிடப் போகுது? போல்ட் போட்டா தெரியவே தெரியாது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, தெரியாதுதான்.

டிஜிஏக்யூஏ அதிகாரி ஒரு தமிழர், வேலூர்க்காரர். அவர் பதில் அப்படியே நினைவிருக்கிறது: "வரைபடத்தோட ஒத்துப்போகுதான்னு பாக்கிறதுதான் என் வேலை. போகலை. போகலைன்னாலும் பரவாயில்லைன்னு சொல்ற அதிகாரம் எனக்குக் கிடையாதுப்பா." அதற்காகத்தான் கன்செஷன் என்று ஒரு படிவம் இருக்கிறது. வடிவமைப்புப் பிரிவு அதில் காரணம் எழுதி, கணக்குப் போட்டு, ஆர்சிஎம்ஏவுக்கு அனுப்ப வேண்டும்.

ஆர்சிஎம்ஏவில் இருந்தது ஓர் இளம்பெண். எங்களைவிட வயதில் பாதி இருக்கும். துளை எவ்வளவு பெரிது என்று அவர் கேட்கவே இல்லை. அந்தத் துளை டிஸ்க்கின் எந்த இடத்தில் இருக்கிறது, அங்கே அழுத்தம் எவ்வளவு, துளைக்குள் டூல் உரசிய கோடு இருக்கிறதா, இந்த அளவில் விரிசல் தொடங்க எத்தனை சைக்கிள் (எஞ்சின் வேகம் ஏறி இறங்கும் சுற்று) ஆகும் என்றுதான் கேட்டார். "டூல் மார்க் போட்டோ அனுப்புங்க சார்." போட்டோ எடுக்கப் போனபோதுதான் நாங்களே துளைக்குள் லென்ஸ் வைத்துப் பார்த்தோம். உள்ளே சுருள் மாதிரி ஒரு கீறல். டிரில் மழுங்கியிருந்திருக்கிறது, துளை பெரிதானதும் அதனால்தான். டிஸ்க் சிவப்புச் சீட்டோடு, ஒதுக்கிய பாகங்களை வைக்கும் குவாரன்டைன் ஸ்டோருக்குப் போனது. உற்பத்திப் பிரிவு ஆள் என்னிடம் இரண்டு வாரம் பேசவில்லை.

இரண்டு அலுவலகம் இருப்பதன் பயன் இதுதான். ஒருவர் 'ஒத்துப்போகவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இன்னொருவர் 'அதனால் என்ன ஆகும்' என்று கேட்கிறார். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், மாதக் கடைசியில் அவர் இரண்டாவது கேள்விக்கு வசதியான பதிலைக் கண்டுபிடித்துவிடுவார்.

14 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

டிஸ்க்குக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்டவருக்கு: பிளேடு உடைந்தால் வெளியே பறக்காமல் எஞ்சினின் கவசமே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. எஞ்சினை நிஜமாகவே ஓடவிட்டு, பிளேடை வெடிக்க வைத்துச் சோதிப்பார்கள். டிஸ்க் உடைந்தால் அதைப் பிடிக்கிற கவசத்தைச் செய்ய முடியாது. செய்தால் விமானம் தரையை விட்டு எழும்பாது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 ஞாபகம் இருக்கிறதா? வால் எஞ்சினின் விசிறி டிஸ்க், டைட்டானியம் உருக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட ஒரு குறையால் பிளந்தது. சிதறிய துண்டுகள் ஹைட்ராலிக் குழாய்கள் எல்லாவற்றையும் அறுத்துவிட்டன. 112 பேர் போனார்கள். அதனால் டிஸ்க் விஷயத்தில் இருக்கும் பாதுகாப்பு, குறை இல்லாமல் செய்வதும், அது உடைகிற வயதுக்கு வெகுமுன்பே கழற்றி எறிவதும்தான்.

15 ஜூலை

"லாரிக்கு எஃப்சி எடுக்கிற மாதிரிதானே சார்?"

ஒரு விதத்தில் சரிதான். ஆனால் ஆர்டிஓ ஆபீசில் உங்கள் லாரியைத்தான் பார்ப்பார்கள். அந்த மாடல் லாரியை வரைந்தது சரியா என்று கேட்க மாட்டார்கள், அது வேறு இடத்தில் எப்போதோ முடிந்திருக்கும். செமிலாக் பார்ப்பது மாடலை, டிஜிஏக்யூஏ பார்ப்பது உங்கள் லாரியை. ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

19 ஜூலை

கொராபுட்டில் பல வருடம் இருந்த ஒரு நண்பர் நேற்று போனில் பிடித்துக்கொண்டார். "நாமே வரைஞ்ச எஞ்சின் மாதிரி எழுதிட்டு இருக்கீங்க. நம்ம படையில பறக்கிறதுல எத்தனை எஞ்சின் நாம வரைஞ்சது?" என்றார்.

நியாயமான கேள்வி. தேஜஸில் இருப்பது ஜிஇ கம்பெனியின் எஃப்404-ஐஎன்20. சுகோய்-30 எம்கேஐயில் இருப்பது ரஷ்யாவின் ஏஎல்-31எஃப்பி, கொராபுட்டில் உரிமம் பெற்றுச் செய்வது. ஜாகுவார் போர் விமானம், ஹாக் பயிற்சி விமானம் இரண்டிலும் வெளிநாட்டு அடூர் எஞ்சின். ஏஎன்-32 சரக்கு விமானத்தில் உக்ரைனின் ஏஐ-20. துருவ் ஹெலிகாப்டரின் சக்தி எஞ்சின் பிரான்சின் டர்போமெக்காவும் எச்ஏஎல்லும் சேர்ந்து செய்தது. முழுக்க இங்கேயே வரைந்து உற்பத்திக்கும் போன ஜெட் எஞ்சின் என்றால் லக்ஷ்யா இலக்கு விமானத்துக்கான பிடிஏஇ-7ஐச் சொல்லலாம். அதில் மனிதர் ஏறுவதில்லை.

வாங்கிய எஞ்சினுக்குக் கையெழுத்துப் போடுவதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. எல்லாச் சோதனையும் அவர்கள் ஊரில் முடிந்திருக்கும். முடிவு வரும், அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் தரவு முழுதும் வராது. 2019 பிப்ரவரியில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சியில் தேஜஸுக்கான இறுதி இயக்க அனுமதிச் சான்றிதழை செமிலாக் விமானப்படைத் தளபதியிடம் கொடுத்தது. அந்தச் சான்றிதழுக்குள் எஞ்சினும் அடக்கம். எஃப்404இன் டர்பைன் பிளேடு எந்த உலோகக் கலவை, அதன் வயதை எந்தச் சூத்திரத்தில் கணக்கிட்டார்கள் என்பதெல்லாம் ஜிஇயின் சொத்து. நாம் சோதிப்பது, இந்த விமானத்தின் காற்று வாயில் இந்த எஞ்சினுக்குச் சரியாகக் காற்றைக் கொடுக்கிறதா, உயரத்தில் அணைந்தால் மறுபடி பற்றுகிறதா, எரிபொருள் அழுத்தம் தலைகீழாகப் பறக்கும்போதும் நிற்கிறதா போன்றவற்றை. அதுவும் சின்ன வேலை இல்லை. ஆனாலும் உரிமையாளர் 'இது போதும்' என்று சொல்கிற இடத்தில் நாம் நிற்க வேண்டியிருக்கிறது.

ஏஎல்-31எஃப்பி கதை தெரியும்தானே? 2015 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பரிக்கர் சொன்ன கணக்கு: 2012 முதல் விசாரித்த 69 எஞ்சின் பழுதுகளில் 33, பேரிங் கோளாறு. 11, எஞ்சின் அதிர்வு. ஒரு வேளை கொராபுட்காரர்கள் சரியாகச் செய்யவில்லையோ என்றுதான் இங்கே டீக்கடைப் பேச்சு இருந்தது. தீர்வு வந்த வழியைப் பாருங்கள்: எஞ்சின் நிறுவனமே ஒன்பது மாற்றங்களை முன்வைத்தது, அவற்றைக் கொராபுட்டில் சேர்த்தார்கள். வடிவமைப்பை மாற்றும் சாவி அவர்களிடம்; செய்வது, சரிபார்ப்பது, பறப்பது மூன்றும் நம்மிடம். சுகோயில் இரண்டு எஞ்சின் இருப்பதால் ஒன்று நின்றாலும் மற்றதில் திரும்பி வந்துவிடலாம். தேஜஸில் அந்த வசதி கிடையாது.

20 ஜூலை

பேரிங் கெடுவது முன்கூட்டியே தெரியாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் தெரியும். எண்ணெய் திரும்பி வரும் வழியில் காந்த முனை உள்ள ஒரு பிளக் இருக்கும். சிப் டிடெக்டர். குறித்த மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்து, லென்ஸில் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம். துடைத்துவிட்டுத் திருப்பி மாட்டலாம். ஊசி மாதிரி நீளமாக இருந்தால் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மீன் செதில் மாதிரி தட்டையாக, ஒரு பக்கம் பளபளப்பாக, மறுபக்கம் சொரசொரப்பாக ஒரு துணுக்கு வந்தால், எழுந்து போய் போன் பண்ண வேண்டும். பேரிங்கின் ஓடுபாதை உரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் துணுக்கைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு கார்ப்பரல், விமானப்படையில் கீழ்நிலையில் இருக்கும் வீரர். அவருக்கு மேலே எத்தனை அலுவலகம் இருந்தாலும் அந்தக் காலை நேரத்தில் லென்ஸைப் பிடித்திருப்பது அவர்தான். 'இது பஞ்சா செதிலா' என்று சந்தேகம் வந்தால் எஞ்சினை நிறுத்தும் துணிச்சல் அவருக்கு இருக்கிறதா, நிறுத்தினால் திட்டு விழுமா என்பதும் பறக்கும் தகுதியில் சேர்த்திதான். இதை எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.

21 ஜூலை

செமிலாக், டிஜிஏக்யூஏ, ஆர்சிஎம்ஏ, டிஆர்டிஓ என்று எழுதினால் தலை சுற்றுகிறது என்கிறார் ஒரு மேடம். நீங்கள் சொல்வது சரி. பெங்களூரு விமானபுரா பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஆட்டோக்காரருக்கு இதெல்லாம் மனப்பாடம்.

27 ஜூலை

இப்போது சண்டைக்கு வரப்போகிற விஷயம்.

செமிலாக் டிஆர்டிஓவின் கீழ் இருக்கிறது. தேஜஸுக்கென்று காவேரி எஞ்சினைச் செய்த ஆய்வுக்கூடமான ஜிடிஆர்இயும் டிஆர்டிஓவின் கீழ். 1959இல் கான்பூரில் விமானப்படையின் பழுதுபார்ப்பு டிப்போவில் தொடங்கி, 1961இல் பெங்களூரு வந்து, இப்போது சி.வி. ராமன் நகரில் இருக்கிற அதே ஜிடிஆர்இதான். அதாவது வரைபவரும் தேர்வு வைப்பவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். உற்பத்தி செய்யும் எச்ஏஎல்லும் தரம் பார்க்கும் டிஜிஏக்யூஏவும் பாதுகாப்பு உற்பத்தித் துறையின் கீழ். கட்டமைப்பைப் படமாக வரைந்தால் இரண்டு இடத்திலும் இதே கேள்வி வரும்.

பிரிட்டனும் இப்படி ஒரு நிலையில் இருந்ததுதான். 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் அவர்கள் விமானப்படையின் நிம்ராட் எக்ஸ்வி230 விமானம் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்பியபோது கசிந்தது, எஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாயில் பட்டுப் பற்றியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. இதை ஆராய நியமிக்கப்பட்ட வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் 2009இல் கொடுத்த அறிக்கை யாரையும் விடவில்லை. பாதுகாப்பு ஆவணம் தயாரித்த கம்பெனி, அதைப் பார்த்துத் தலையாட்டிய கம்பெனி, செலவைக் குறைக்கும் அவசரத்தில் இருந்த அதிகாரிகள் என்று பெயர் சொல்லி எழுதினார். அடுத்த ஆண்டே எம்ஏஏ என்று தனி ராணுவப் பறப்புத் தகுதி ஆணையம் வந்தது.

நமக்கும் அது வேண்டும் என்பது என் கருத்து. கையெழுத்துப் போடுகிறவரின் சி.ஆர். (வேலையை மதிப்பிடும் ரகசிய அறிக்கை) எழுதுகிறவர், அந்தப் புராஜெக்ட் தேதிக்கு முடிய வேண்டும் என்று கவலைப்படுகிறவராக இருக்கக் கூடாது.

28 ஜூலை

எதிர்பார்த்த மாதிரியே வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒருவர் காட்டமாக, "செமிலாக் ஆட்கள் காவேரியைச் சும்மா விட்டுவிட்டார்களா? 2008இலேயே தேஜஸிலிருந்து பிரித்துவிட்டார்களே, ஒரே வீடு என்றால் பாஸ் போட்டிருக்க வேண்டியதுதானே" என்று கேட்டிருக்கிறார். பிரித்ததற்கு உந்துவிசை போதாததும் எடை கூடியதும் காரணம். அதைச் சான்றிதழ்க்காரர்களின் கண்டிப்புக்கு ஆதாரமாக எடுக்க முடியாது. எதிராகவும் எடுக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

2 ஆகஸ்ட்

மேலே எழுதியதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தனி ஆணையம் அமைத்தால் அதில் யார் உட்காருவார்கள்? ஜெட் எஞ்சின் சுழலும் பாகங்களின் வயதைக் கணக்கிடத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? அவர்கள் கற்றுக்கொண்டது எங்கே? ஜிடிஆர்இயில், எச்ஏஎல்லில், செமிலாக்கில், தேசிய விமானவியல் ஆய்வகமான என்ஏஎல்லில். பலகையை மாற்றினாலும் நாற்காலியில் அதே முகங்கள். 2010 நவம்பரில் ரஷ்யாவில் ஐஎல்-76 விமானத்தின் நாலு எஞ்சினில் ஒன்றைக் கழற்றிவிட்டுக் காவேரியை மாட்டிப் பறந்தார்கள். நம்மிடம் அப்படிப் பறக்கும் சோதனை மேடை இல்லாததால்தான் அங்கே போனது. உயரச் சோதனைக் கூடமும் ரஷ்யாவில்தான் கிடைத்தது. சோதிக்க இடம் இல்லாத நாட்டில் சோதகருக்குச் சுதந்திரம் மட்டும் கொடுத்து என்ன செய்வது?

அதனால் என் வரிசையை மாற்றுகிறேன். முதலில் சோதனை வசதி, அப்புறம் தரவு கேட்டு வாங்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதுவது, அதற்கப்புறம் தனி ஆணையம். எஞ்சின் வாங்கும் ஒப்பந்தப் பேச்சில் விலைக்கும் தொழில்நுட்ப மாற்றத்துக்கும் மேஜையைத் தட்டுகிற அளவுக்கு, 'பழுது விசாரணையில் உங்கள் வடிவமைப்புத் தரவை எங்கள் ஆள் உட்கார்ந்து பார்ப்பார்' என்ற வரிக்கும் தட்ட வேண்டும்.

சி.ஆர். பற்றிச் சொன்னதை மட்டும் மாற்றவில்லை.

9 ஆகஸ்ட்

எஞ்சின் எங்கே முடிகிறது? சும்மா கேட்கவில்லை.

தேஜஸில் எஞ்சினிலிருந்து ஒரு தண்டு கிளம்பி, விமான உடலில் மாட்டியிருக்கும் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அந்த கியர்பாக்ஸ்தான் ஹைட்ராலிக் பம்பையும் ஜெனரேட்டரையும் ஓட்டுகிறது. எஞ்சின் ஜிஇ. கியர்பாக்ஸ் நம்ம ஆவடியில் இருக்கும் போர் வாகன ஆய்வுக்கூடம், சிவிஆர்டிஇ. ஆமாம், டாங்க் செய்கிற அதே ஆவடி. தண்டையும் அவர்களே வடிவமைத்தார்கள். 2023 மார்ச் 14 அன்று பெங்களூருவில் எல்எஸ்பி-3 என்ற தேஜஸ் விமானத்தில் அந்தத் தண்டு முதல் தடவை பறந்தது. இப்போது தண்டில் ஓர் அதிர்வு என்று வையுங்கள். ஜிஇ 'எங்கள் எஞ்சின் ஃபிளாஞ்ச் (தண்டு இணையும் விளிம்பு) வரை சுத்தம்' என்று சொல்லலாம். கியர்பாக்ஸ்காரர் 'எங்களுக்கு வந்து சேர்ந்த அதிர்வு அது' என்று சொல்லலாம். இரண்டு பேரும் உண்மையே சொல்லிக்கொண்டிருக்கலாம். விமானத்தை ஒன்றாகப் பார்க்கிற ஒருவர் தேவைப்படுவது இந்த மாதிரி மூட்டுகளில்தான். நிம்ராடில் தீப்பிடித்த இடத்தையும் நினைத்துப் பாருங்கள்: எஞ்சினும் இல்லை, டேங்கும் இல்லை, நடுவில் ஓடிய குழாய்.

ஆவடிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்களேன். ரயில் அரை மணி லேட் என்று எழுதினாலும் சந்தோஷப்படுவேன்.

10 ஆகஸ்ட்

விதிப் புத்தகம் எது என்று கேட்ட மாணவருக்கு: டிடிபிமாஸ்-2002 என்று ஒன்று இருந்தது தம்பி. அதை எடுத்துவிட்டு இம்டார்-21 வந்திருக்கிறது. பெரிய மாற்றம், தனியார் நிறுவனங்களையும் மனதில் வைத்து, வடிவமைக்கும் நிறுவனத்துக்கே ஒப்புதல், உற்பத்தி செய்யும் நிறுவனத்துக்கே ஒப்புதல் என்று சிவில் உலகத்தின் பாணிக்கு வந்திருப்பது. படித்துப் பார். தூக்கம் வராத இரவுக்கு நல்லது.

24 ஆகஸ்ட்

மணிக்கணக்கு பற்றி ஒருவர் வாதாடுகிறார்: "எஞ்சினுக்கு இத்தனை மணி ஆயுள் என்றால் மணியைப் பார்த்துக் கழற்ற வேண்டியதுதானே, இதில் என்ன மேற்பார்வை?"

பயணிகள் விமானம் மேலே ஏறும், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும், இறங்கும். போர் விமானியின் இடது கை சும்மா இருக்காது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடியான திராட்டிலை முன்னே தள்ளுவார், இழுப்பார், மறுபடி தள்ளுவார். ஒவ்வொரு தள்ளலிலும் டிஸ்க் சூடேறி விரிகிறது, இழுத்ததும் சுருங்குகிறது. டிஸ்க்கின் வயதைத் தின்பது இந்த ஏற்ற இறக்கம். அதைத்தான் சைக்கிள் என்று எண்ணுகிறார்கள்.

பீதரில் இருக்கும் விமானப்படையின் சூரியகிரண் சாகசக் குழுவை எலஹங்கா ஏரோ இந்தியாவில் எல்லாரும் அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். தலைவர் விமானம் ஏறக்குறைய ஒரே சீராகப் பறக்கிறது. ஓரத்தில் ஒட்டிப் பறக்கிறவர், இடைவெளி மாறாமல் இருக்க நொடிக்கு நொடி திராட்டிலை ஆட்டுகிறார். தரையிறங்கும்போது இரண்டு ஹாக்கின் லாக் புக்கிலும் ஒரே மணி நேரம்தான் ஏறும். எஞ்சினுக்குள் இருக்கும் டிஸ்க்குகளின் தேய்மானம் ஒன்றாக இருக்காது. பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழுவும் இதே ஹாக்கில் இதைக் கண்டுகொண்டது.

வயதின் எல்லையைச் சொல்வது வடிவமைத்தவர், அதை ஏற்றுக்கொள்வது செமிலாக். ஆனால் அந்த எல்லையை நோக்கி எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்பதை எண்ணுவது படை. வேலை முறை மாறினால், புதுப் பயிற்சி முறை வந்தால், எண்ணும் சூத்திரமும் மாற வேண்டும். மாறியதை மேலே யாராவது சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து சான்றிதழ் வாங்கும் நாளில் காட்டுகிற அக்கறையில் கால்வாசி கூட இந்தப் பத்து வருடம் கழித்து வருகிற கணக்குக்குக் கிடைப்பதில்லை. விழா எடுக்க இதில் ஒன்றும் இல்லை பாருங்கள்.

7 செப்டம்பர்

எரிபொருளும் எஞ்சின் தகுதிதானா என்று கேட்டவருக்கு ஒரு குட்டிக் கதை. 2019 குடியரசு தின அணிவகுப்பில் டெல்லி ராஜபாதைக்கு மேல் பறந்த ஏஎன்-32களில் ஒன்றின் டேங்கில் பத்து சதவீதம் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள். டேராடூனில் இருக்கும் இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தின் முறை. 2018 டிசம்பரில் சண்டிகரில் முதல் பறப்பு; ஜனவரியில் செமிலாக் அனுமதி. பம்பில் இருக்கும் ரப்பர் சீல் இந்தப் புது எரிபொருளில் ஊறி வீங்குமா, சுருங்குமா, குளிரில் உறையுமா, தெளிப்பான் அடைக்குமா என்று தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்த்த பிறகுதான் மேலே விட்டார்கள். சீல் ஒரு மில்லிமீட்டர் சுருங்கினால் போதும், கசியும்.

எங்கள் கொல்லைப்புறத்திலும் காட்டாமணக்கு இருந்தது என்று சேலத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

27 செப்டம்பர்

நேற்று சண்டிகரில் மிக்-21க்கு விடை கொடுத்தார்கள். டிவி முழுக்க 'பறக்கும் சவப்பெட்டி' என்ற அதே பழைய தலைப்பு. எனக்குப் பிடிக்காது. கொராபுட் தொழிற்சாலை பிறந்ததே மிக் எஞ்சின் செய்யத்தான். ஒரு மலை மாவட்டத்தில், பெரும்பாலும் வெளியூர் ஆட்களை வைத்து, ரஷ்ய வரைபடத்தைப் பார்த்து முதலில் ஆர்-11, அப்புறம் ஆர்-25. தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கேயே பிள்ளைகளை வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இந்த இழையின் முதல் கேள்விக்கு மிக்-21 இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. அறுபதுகளில் வாங்கிய வகை, இத்தனை வருடம். ஆயுளை நீட்டிக்கலாம் என்று யாரோ ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாகங்களை மாற்றியிருக்கிறார்கள். புது விமானம் வர தாமதமாகிறது என்பதற்காகப் பழைய எஞ்சினின் உலோகம் இளமையாகிவிடாது. தாமதத்தின் அழுத்தம் வந்து விழுவது நீட்டிப்புக் கோப்பைப் பார்க்கிற மேஜையில். தேஜஸ் மார்க்-1ஏவுக்காக 2021இல் கேட்ட 99 எஞ்சினில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் விவாதம் இன்னும் நாலு மாதம் ஓடும்.

28 செப்டம்பர்

முதல் கேள்வி கேட்ட மாரத்தஹள்ளிக்காரர் திரும்பி வந்திருக்கிறார். "நாலு பேருக்குப் பொறுப்பு என்றால், பறக்காதே என்று நிறுத்துவது யார்? அதையாவது ஒரு ஆளாகச் சொல்லுங்கள்."

தரையிறக்கி நிறுத்துவது படை. 2025 ஜனவரியில் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்ததும் துருவ் முழுவதையும் நிறுத்தினார்கள். மறுபடி பறக்கலாம் என்பதற்குத்தான் ஊரே கூட வேண்டியிருந்தது. ஸ்வாஷ்பிளேட் (சுழலும் இறக்கைகளின் கோணத்தை மாற்றும் தட்டு) பேரிங் உடைந்திருந்தது என்று கண்டு, பழுது விசாரணைக் குழு பரிந்துரை கொடுத்து, மே மாதம் தரைப்படை, விமானப்படை ஹெலிகாப்டர்களை மட்டும் முதலில் விட்டார்கள். நிறுத்துவதற்கு ஒரு போன், விடுவதற்கு நாலு மாதம். அந்த விகிதம் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

அறிக்கையை வெளியிடாதது பற்றி நீங்கள் கேட்டதற்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆயுதம், ரேடார் பற்றிய பக்கங்களை மூடிவிட்டு மீதியைப் போடலாம். பிரிட்டன் நிம்ராட் அறிக்கையைப் போட்டதே.

5 அக்டோபர்

மகன் ஏரோநாட்டிக்ஸ் முடிக்கப் போகிறான், இந்த வேலைக்கு எப்படிப் போவது என்று காக்ஸ்டவுன் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். செமிலாக் என்றால் டிஆர்டிஓ விஞ்ஞானி 'பி' வழி, கேட் தேர்வு மதிப்பெண் வேண்டும். டிஜிஏக்யூஏ என்றால் யூபிஎஸ்சி விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டிலும் சம்பளம் தனியார் ஐடி கம்பெனி அளவு வராது அம்மா, முன்னமே சொல்லிவிடுங்கள். மாற்றல் கொராபுட், நாசிக், கான்பூர் என்று எங்கே வேண்டுமானாலும் வரும். எஞ்சின் பிரிவு கிடைத்தால் முதல் வருடமே போரோஸ்கோப் (எஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் குழாய்க் கேமரா) பிடிக்கக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். திரையில் தெரிவது விரிசலா, வெறும் புகைக் கறையா என்று பிரித்துச் சொல்ல எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.